செண்ட் போடாமல் வரவும்

திண்டிவனம்,
2.9.2025

அம்சவள்ளி அவர்களுக்கு,

சகாயராஜ் வணக்கம் சொல்கிறேன். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் விழுப்புரம் டான்ஸ் வகுப்புக்குப் பஸ் பிடித்து வந்து உங்களோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறவன், இன்று தபாலில் வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன் போட்டால் ஒரே ரிங்கில் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம். என்னை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று புரியவே மூன்று நாள் ஆனது. அதுவரை சிம்மில்தான் கோளாறு என்று அதைக் கழற்றி இரண்டு முறை துடைத்துப் போட்டேன்.

தாளின் பின்பக்கம் யாருடைய பட்டா நகலோ இருக்கும், பார்க்காதீர்கள். கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு வெள்ளைத்தாள் பஞ்சமில்லைதான். ஆனால் இது நாலாவது முயற்சி. மூன்று நல்ல தாளைக் கசக்கிப் போட்ட பிறகு கை தானாக வீணான தாள் பக்கம் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். வளவனூர் மண்டபத்தில் நான் செய்தது பெரிய தப்பு. இசைவாணி டீச்சர் தன் தம்பி தென்னரசு ரிசப்ஷனில் வகுப்பிலேயே நம் ஜோடியைத்தான் நம்பி மேடை ஏற்றினார். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டு பாதியில் இருக்க, உங்கள் கையை உதறிவிட்டு இறங்கி ஓடிவிட்டேன். மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிரட்டியது. மேடையிலேயே அசிங்கமாகிவிடக் கூடாதே என்று ஓடினேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் பதினாறு, புதுச்சேரி ஜோடி நடனப் போட்டிக்கு நம் இரண்டு பேர் பெயரும் கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வாருங்கள். நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு இடது கால் எது வலது கால் எது என்று தெரியாது.

அன்று அவசரத்தில் ஆடுகிற ஷூவோடேயே பஸ் ஏறிவிட்டேன். செருப்பு மண்டபத்திலேயே நின்றுவிட்டது. போனால் போகட்டும். உங்கள் இளவரசிக்குட்டியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சகாயராஜ்


கோலியனூர்,
8.9.2025

திரு. சகாயராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டா அப்பாதுரை என்பவருடையது. நகல் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது, வீண் என்று ஏன் ஒதுக்கினீர்கள் என்று தெரியவில்லை.

பிரியாணிக் கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள். வயிற்றைப் பிரட்டுகிறவன் வயிற்றைப் பிடிப்பான். நீங்கள் பிடித்தது மூக்கையும் வாயையும். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றவள், எனக்குத் தெரியாதா?

நீங்கள் போன பிறகு நடந்ததை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்கிறேன். பாட்டு நிற்கவில்லை. இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. எனக்கு இறங்கிப் போகவும் தோன்றவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. உங்கள் தோள் இருக்க வேண்டிய உயரத்தில் இடது கையை வைத்துக்கொண்டு, ஒண்ணு ரெண்டு மூணு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு, இல்லாத ஆளோடு ஆடி முடித்தேன். சனங்கள் கைதட்டினார்கள். ஆட்டமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

பிறகு கை கழுவுகிற இடத்துக்குப் போனேன். முன்னால் இரண்டு பெண்கள். நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருத்தி சொன்னாள்: "அந்தப் பொண்ணு மேல என்னா நாத்தமோ, அந்தாளு மூக்கப் பொத்திக்கினு ஓடுனான் பாத்தியா?" இன்னொருத்தி சிரித்தாள். "புருசன் செத்து நாலு வருசம்தான் ஆவுது, அதுக்குள்ள மினுக்கிக்கினு ஆட வந்துட்டா" என்றாள். இந்த இரண்டாவது பேச்சு எனக்குப் புதிதில்லை. கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. முதல் பேச்சுதான் விடமாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து என் மாமியாரிடம் கேட்டேன். "அத்த, எம் மேல எதனா வாடை அடிக்குதா?"

"பால் டெஸ்ட் பண்றவ மேல பால் வாடை அடிக்காம பன்னீரா அடிக்கும்? ஜல்தியா துன்னுட்டுப் படுடி" என்றார்.

ஆறு வருடமாக எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கேன் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவள் நான். புளித்த பால் துணியில் ஊறினால் மனிதர் பக்கத்தில் நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். மறைக்காமல் எழுதுங்கள். என் மேல் நாற்றம் அடித்ததா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள், செத்துவிட மாட்டேன்.

உங்கள் செருப்பு என்னிடம் இருக்கிறது. மண்டபத்துக்காரர் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். எடுத்துவந்து கழுவி வைத்திருக்கிறேன். இடது கால் வார் பிய்ந்துபோகிற நிலையில் இருக்கிறது.

அம்சவள்ளி


திண்டிவனம்,
13.9.2025

அம்சவள்ளிக்கு,

இல்லை. சத்தியமாக இல்லை. உங்கள் மேல் எந்த நாற்றமும் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் மற்றதையெல்லாம் கீழே தள்ளிவைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது கடையில் ஆள் நிறைய. நான் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஒரு வக்கீல் குமாஸ்தா, "யோவ், எட்டு காப்பி கேட்டு எம்மா நேரம் ஆவுது, எந்த உலகத்துல இருக்கிற?" என்று மேஜையைத் தட்டினார். அவருக்கு எட்டுக்குப் பதில் பதினெட்டு எடுத்துக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீசிங் இருக்கிறது. ஒன்பது வருடம் நெல் மில்லில் வேலை பார்த்தேன், உமித்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டர் மில்லை விடச் சொன்ன பிறகுதான் ஜெராக்ஸ் கடை வைத்தேன். டீச்சரிடம் சேரும்போது, உடம்புக்கு ஏதும் குறை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்தேன். இருக்கிறது என்றால் யார் சேர்ப்பார்கள்? இன்ஹேலரை வலது கால் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டுதான் இத்தனை நாளும் ஆடினேன். மூச்சு முட்டினால் பாத்ரூம் போவது போல் போய் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வருவேன். "உங்களுக்கு சுகர் இருக்குதா, ஓயாம பாத்ரூம் போறீங்க" என்று ஒருநாள் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?

தூசி பட்டால் எனக்கு மூச்சு முட்டும். பனிக்கும் முட்டும். செண்டுக்கும் முட்டும். அன்று மேடையில் உங்கள் செண்ட்தான். இதை எழுதவே கை கூசுகிறது, ஏனென்றால் அதில் பாதி நான் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் எப்போதும் போடுகிற சிவப்பு மூடி ஸ்ப்ரே ரொம்பக் காட்டம். சொல்லத் தைரியமில்லை. ஜூன் மாதம் உங்கள் பிறந்தநாளுக்குப் புதுச்சேரியில் தேடித் தேடி லேசான ஒன்றாக வாங்கிவந்து கொடுத்தேன், பழையதை விட்டுவிட்டு இதற்கு மாறுவீர்கள் என்று. நீங்கள் அதன் மேலேயே இதையும் போட்டுக்கொண்டு வந்தீர்கள். சொந்தக் காசில் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். பயம். என்ன பயம் என்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் காலனியில் பிறந்தவன். ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரவைத்த பையன் வருடம் முழுக்கக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு வேளை குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். நீங்கள் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண். என்னோடு ஒரு சாண் இடைவெளியில் நிற்பதற்கு இவ்வளவு வாசனை தேவைப்படுகிறதோ என்று ஒரு எண்ணம் உள்ளே புகுந்துவிட்டது. கேட்டு, பதில் சொல்ல நீங்கள் ஒரு நொடி தயங்கினால்கூட என்னால் தாங்க முடியாது. மூச்சு முட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இந்த வாரம்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது, செருப்பை எடுத்துவந்து கழுவி வைத்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் செருப்பை என் அம்மாவைத் தவிர யாரும் கையால் தொட்டதில்லை.

அப்படியானால் எதற்காக அவ்வளவு செண்ட்? இதை மட்டும் சொல்லுங்கள்.

சகாயம்


கோலியனூர்,
20.9.2025

சகாயம் அவர்களுக்கு,

உங்களுக்கு வீசிங் என்று தெரிந்திருந்தால் ஒரு சொட்டு தொட்டிருக்க மாட்டேன். சாக்ஸுக்குள் இன்ஹேலர் வைக்கிற மனிதரை என்னவென்று சொல்வது? மேடையில் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு உங்கள் அம்மா முன்னால் போய் நிற்பேன்?

உங்களை நினைத்துத்தான் செண்ட் போட்டேன், அது உண்மை. ஆனால் நீங்கள் நினைத்த காரணம் இல்லை. இல்லவே இல்லை. ஒன்றரை வருடம் என் கையைப் பிடித்து ஆடிக்கொண்டே மனதுக்குள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தீர்களே, அது எனக்கு அந்தக் கை கழுவும் இடத்துப் பேச்சைவிட அதிகமாக வலிக்கிறது.

உண்மைக் காரணத்தை எழுத முடியாது. வெளியே தெரிந்தால் என் வேலைக்கு வேட்டு. இந்த வேலையை நம்பித்தான் நானும் மகளும் அத்தையும் சாப்பிடுகிறோம்.

இரண்டு பாட்டிலையும் குப்பையில் போட்டுவிட்டேன். செண்ட் இல்லாமல் இனி யார் பக்கத்திலும் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் வகுப்புக்கு வரமாட்டேன். போட்டிக்கு டீச்சரிடம் சொல்லி வேறு ஜோடி பார்த்துக்கொள்ளுங்கள். பானுப்ரியா நன்றாக ஆடுகிறாள். செருப்பைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

அம்சவள்ளி


திண்டிவனம்,
29.9.2025

அம்சவள்ளிக்கு,

தயவுசெய்து செருப்பைப் பார்சலில் அனுப்பாதீர்கள். அது வந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டது போல் ஆகிவிடும். உங்களிடமே இருக்கட்டும்.

நேற்று பானுப்ரியாவோடு ஆடிப் பார்த்தேன். நல்ல பெண். ஆனால் அவள் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் போக, கரும்பு லாரியைப் பின்னால் எடுப்பது மாதிரி இருந்தது. கடைசியில் அவளே, "அண்ணே, நீங்க வேற யாரையோ தேடிக்கினு ஆடுறீங்க, எங் கால்தான் நசுங்குது" என்று சொல்லிவிட்டாள்.

டீச்சரிடம் வீசிங் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏன்யா சகாயம், எங் கிளாஸ்ல வுழுந்து கெடந்தா நான் எங்க போயி முட்டிக்கிறது?" என்று அரை மணி நேரம். திட்டி முடித்த கையோடு சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டச் சொன்னார். "நகம் வெட்டவும். மோதிரம் கழற்றவும். செண்ட் போடாமல் வரவும்." என் கடையிலேயே அடித்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன்.

அதை ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஜூலையில் ஒருநாள் ஸ்பீக்கர் பெட்டி உள்ளே கருகிப் பாட்டு நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? புகை கண்ணுக்குத் தெரியும் முன்பே பிளாஸ்டிக் நாற்றம் தாங்காமல் எல்லாரும் மாடிப்படிக்கு ஓடினோம். நீங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அறை நடுவில் சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தீர்கள். நான் திரும்ப வந்து கையைப் பிடித்து இழுத்தேன். "பாட்டுல இருந்தேன், கவனிக்கல" என்றீர்கள். பாட்டுதான் நின்றுவிட்டதே.

இன்னொன்று. நான் கொடுத்த செண்டை மணிக்கட்டில் அடித்து முகர்ந்துவிட்டு, "மல்லிப்பூ வாசனை சூப்பரா இருக்குதுங்க" என்று சொன்னீர்கள். அம்சவள்ளி, அது எலுமிச்சை வாசனை. பாட்டில் மேல்தான் மல்லிகைப் பூ படம் போட்டிருந்தது. எதையோ எதிலோ ஊற்றி விற்றிருக்கிறான். என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறீர்கள் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நான் நினைப்பது சரி என்றால் ஒரு வரி எழுதுங்கள். ஊர்ப்பட்ட பத்திரம் என் கையில் நகலாகிப் போகிறது, ஒருவர் விஷயத்தை ஒருவரிடம் இதுவரை வாய் திறந்ததில்லை. அப்பாதுரை பட்டா ஒன்றுதான் கை தவறியது.

சகாயம்


கோலியனூர்,
9.10.2025

சகாயம்,

நீங்கள் நினைத்தது சரி. எனக்கு வாசனை தெரியாது. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அத்தையிடம்கூட.

2021 மே மாதம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா வந்தது. நான் ஆறு மாதம் முழுகாமல் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன செல்வகுமார் வீட்டுக்குத் திரும்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. நான் பிழைத்தேன், என் மூக்கு பிழைக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில் இரண்டு மாதத்தில் திரும்பியது. எனக்கு நாலு வருடமாகத் திரும்பவில்லை. அழுவதற்கு அப்போது நிறைய இருந்தது, மூக்குக்கு அழ முறை வரவில்லை. யார் செத்தார்கள் என்று கேட்கிற காலத்தில், எனக்குச் சாம்பார் வாசனை தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு திரும்பவும் வேலைக்குப் போனேன். பால் சங்கத்தில் கேன் வந்ததும் மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மீட்டர், கொழுப்பு எல்லாம். மோந்து பார்க்க முடியாதவளை டெஸ்டராக யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் குனிந்து மூக்கை உறிஞ்சுவேன். நடிப்புதான். யாரும் பார்க்காதபோது விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பேன். புளிப்பு நாக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கேன்கூட இதுவரை என்னைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் திருடியைப் போலத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செண்ட் விஷயம் இதுதான். காலையில் பால் ஊற்றும் இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸில் நசுங்கி, வியர்த்து, வகுப்புக்கு வருகிறேன். நீங்களோ என் காதோரம் தாடையை வைத்து ஆடுகிறவர். என் மேல் என்ன அடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை அடித்தால் போதும் என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? எட்டு முறை அடித்தேன். நீங்கள் ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகு அதிலும் எட்டு. நீங்கள் கொடுத்ததைப் போடாமல் வந்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று. வேறு யார் முன்னால் நாறினாலும் பரவாயில்லை, உங்கள் முன்னால் நாறக் கூடாது என்று இருந்தது. இதற்கு மேல் விளக்கமாக எழுத மாட்டேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன். இது உங்களுக்குச் சிறியதாகத் தெரியலாம். ஆகஸ்டில் இளவரசி பிறந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவள் தலையை மோந்துவிட்டு, "என்னா வாசனை பாரு" என்று சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார்கள். நானும் மோந்தேன். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. அவளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, என் மகள் எப்படி மணப்பாள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் முடியாது. கேட்டால், "நீயே மோந்து பாரேன்" என்பார்கள்.

நீங்கள் அவளைத் தூக்கியிருக்கிறீர்கள். வகுப்புக்குக் கூட்டிவந்த அன்று உங்கள் தோளில்தான் தூங்கினாள். அவள் எப்படி மணப்பாள் என்று எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

அம்சவள்ளி


திண்டிவனம்,
21.10.2025

அம்சவள்ளிக்கு,

ஞாபகத்திலிருந்து எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். பொய் கலந்துவிடும் போல் இருந்தது. அதனால் தீபாவளிக்கு முதல் நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு ஸ்வீட் டப்பாவோடு கோலியனூருக்கு வந்தேன். நீங்கள் சாயங்காலப் பாலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். அத்தை சொல்லியிருப்பார்.

வாசலில் நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார். "எம் மருமவள மேடையில உட்டுட்டு ஓடுன ஆளு நீதானா?"

"ஆமாங்கம்மா."

"ஓடுன ஆளு பண்டிகைக்கு முந்தி வந்து நிக்கிறியே. சரி, உள்ள வா, காலு வலிக்கப் போவுது" என்றார். உள்ளே நாற்காலியில் உட்காரவைத்தார். நீங்கள் குடிக்கிற டம்ளர் என்று சொல்லி அதில் காபி கொடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

இளவரசி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் கண்ணை மூடி மோந்தேன். அத்தை, "இன்னாத்துக்கு அத மோந்துக்கினே இருக்கிற, மல்லாக்கொட்டையா வறுக்குறாங்க?" என்றார். இப்போது எழுதுகிறேன். நீங்கள் 2021-க்கு முன்னால் மோந்திருக்கக்கூடிய வாசனைகளாகவே தேடி எடுத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் தேங்காய் எண்ணெய். அதை ஒதுக்கிவிடுங்கள், அது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. எண்ணெய்க்குக் கீழே, உச்சந்தலையில்தான் அவளுடையது இருக்கிறது. கேப்பைக் கஞ்சியில் வெல்லம் போட்டு, ஆறும் முன்னால் மூடியைத் திறந்தால் முகத்தில் ஒரு சூடு வருமே, அதுதான். கொஞ்சமும் கூட்டிச் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் பால். புளிக்காத பால், டெஸ்டர் கவலைப்பட வேண்டாம். கழுத்து மடிப்பில் பவுடரும் வியர்வையும், மழைக்காலத்தில் பீரோவைத் திறந்த மாதிரி. கையில் மத்தாப்பு மருந்து. வாயில் ஆரஞ்சு மிட்டாய். கால் நாறியது. உள்ளதை எழுதச் சொன்னீர்கள், ஷூ போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஓடியிருக்கிறாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். கை துடைக்க அத்தை ஒரு துண்டு கொடுத்தார். "அம்சாவுது, கொடியிலேர்ந்து இப்பதான் எடுத்தேன்" என்றார். வெயிலில் காய்ந்த துணி, சீயக்காய், மிச்சமாக ஒரு துளி பால். அவ்வளவுதான் நீங்கள். இதை மறைக்கவா இரண்டு பாட்டில், பதினாறு முறை?

பானுப்ரியாவும் வேண்டாம், வேறு யாரும் வேண்டாம். உங்களைத் தவிர எனக்கு ஜோடி வேண்டாம். போட்டிக்கு மட்டும் சொல்லவில்லை. இதற்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை. எழுதாமலே விட்டாலும் நான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்து நின்றுகொண்டுதான் இருப்பேன்.

சகாயம்


கோலியனூர்,
3.11.2025

சகாயம்,

சங்கச் செயலாளர் பெரியதம்பி அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு வருசமா ஒரு கேன்கூடத் திரும்பி வரல. அப்புறம் இன்னாத்துக்கும்மா பேஜாரு? நாளைலேர்ந்து நான் மோந்து பாக்கறேன், நீ மத்தத பாரு" என்றார். நேற்று வந்த முதல் கேனிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது ஒரு மாதிரி இருக்குதே" என்றார். நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல பால். அவர் மூக்கைவிட என் நாக்கு தேவலை.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலப் பால் முடித்து வந்து இளவரசியை மடியில் போட்டுக்கொண்டேன். தாளை ஒரு கையில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்தந்த இடத்தில் மூக்கை வைத்தேன். உச்சந்தலை. காதுக்குப் பின்னால். கழுத்து மடிப்பு. "கூசுதும்மா" என்று சிரித்தாள். கால்வரைக்கும் போனேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கேப்பைக் கஞ்சி எனக்கு நினைவிருக்கிறது. வெல்லமும் நினைவிருக்கிறது. மறுபடியும் உச்சந்தலைக்கு வந்து, அந்த இரண்டையும் நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். அவள் தூங்கிவிட்டாள். என் மகள் எப்படி மணப்பாள் என்று இனி யார் கேட்டாலும் சொல்லுவேன்.

நீங்கள் கடைசியில் எழுதியிருந்ததை அத்தையிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "அந்தாளு மாதா கோயிலுக்குப் போற வேதக்காரனாச்சே, கறிச்சோறு துன்னுவான்ல?" என்று கேட்டார். துன்னுவாருங்க என்றேன். "அப்ப ஒரு நாயித்துக்கெழம வரச் சொல்லு" என்றார். ஊர் என்ன பேசும் என்று நான் இழுத்தேன். "அவ்வளவு சனத்துக்கு முன்னாடி தனியா ஆடி முடிச்சவதான நீ, இன்னும் என்னா பயம்?" என்றார். என் பதில் என்ன என்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஸ்பீக்கர் கருகியதை வைத்தே என் மூக்கைக் கண்டுபிடித்தவர்.

ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வகுப்புக்கு வருகிறேன். ஒரு வாரப் பழக்கத்தில் போட்டியில் தோற்போம். தோற்றால் புதுச்சேரியில் கடலைப் பார்த்துவிட்டு வருவோம். உங்கள் செருப்புக்கு வார் தைத்தாகிவிட்டது, கொண்டுவருகிறேன். செண்ட் போடாமல் வருகிறேன். ஏதாவது நாறினால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி இன்ஹேலரைச் சாக்ஸுக்குள் வைக்காதீர்கள். என் சுடிதாரில் இடுப்பு ஓரமாக ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறேன், அதில் வைக்கலாம். நடுவில் மூச்சு முட்டினால் கையை விட்டுவிட்டு ஓட வேண்டாம். பிடித்த கையைப் பிடித்தபடியே இருங்கள், நான் எடுத்துத் தருகிறேன்.

அம்சா